அப்பா பாடும்போது

ஜூன் 11, செவ்வாய்

இந்த ஆஸ்பத்திரியில் சுருதி சேர்ந்தது என்று ஒன்றுகூட இல்லை. மருந்து ஏற்றும் மெஷின் கத்துவது நாலு கட்டையும் இல்லை, நாலரைக் கட்டையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு உயிரை வாங்குகிறது. எங்கள் கட்டிலுக்கு மேலே மின்விசிறி ஒரு தாளத்தில் சுற்றுகிறது, அடுத்த கட்டிலுக்கு மேலே இருப்பது வேறு தாளத்தில். வருஷக்கணக்காகப் பாட்டு வாத்தியாராக இருக்கிறவனுக்கு இது தனித் தண்டனை. கோமதியிடம் சொன்னேன். இப்போது இதுதான் கவலையா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, துணி அலசப் போய்விட்டாள்.

வழக்கமாக இந்த டைரியில் யாருக்கு என்ன பாடம் எடுத்தேன் என்றுதான் எழுதுவேன். துறையூர் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருச்சிக்கு வந்து உட்கார்ந்த பிறகு பாடமும் இல்லை, மாணவர்களும் இல்லை. ஆகவே இனி ஆஸ்பத்திரிக் கதைதான்.

என் மகள் மதுவந்திக்கு, எங்கள் வந்திக்கு, ரத்தத்தில் புற்று. எழுதிவிட்டேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். ஏழு வயது. இரண்டாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு வைத்தது அப்படியே வீட்டில் கிடக்கிறது.

இன்று முதுகுத்தண்டில் ஊசி. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து இறால் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அசையவே கூடாது. போன தடவை நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. அவள் கத்திய கத்தலில் நான் வராந்தாக் கோடிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். கோமதி தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்று ஆரோக்கியமேரி சிஸ்டர்தான், நீங்கள் பாட்டு வாத்தியாராமே, உள்ளே வந்து பாடுங்களேன், குழந்தை கொஞ்சம் அமைதியாக இருக்கும் என்றார். முகக்கவசத்துக்குள்ளிருந்து என்னத்தைப் பாடுவது? ஆனாலும் போனேன். அவள் பிறந்தபோது நானே போட்ட மெட்டு, குறிஞ்சியில் ஒரு தாலாட்டு. அதை எடுத்தேன்.

முதல் அடியில் முனகிக்கொண்டிருந்தாள். இரண்டாவது அடியில் கப்சிப். ஊசி இறங்கியபோதுகூடச் சத்தம் இல்லை. டாக்டர் மீனலோசனி ஊசியை எடுத்த பிறகு நிமிர்ந்து பார்த்து, "என்ன சார், மந்திரம் போட்டீங்களா?" என்றார்.

சங்கீதம் படித்ததற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. என் குழந்தைக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ள என்னால் முடியும். வேறு என்ன வேண்டும்?

தயிர்சாதம் முழுவதும் சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு.


ஜூன் 12, புதன்

காய்ச்சல் இல்லை. இட்லி பாதிதான் இறங்கியது. பேசவில்லை, அசதி.


ஜூன் 19, புதன்

இன்றும் ஊசி, இன்றும் பாட்டு, இன்றும் மூச்சுப் பேச்சில்லை. வார்டு முழுக்க இதே பேச்சு. டீ கொண்டுவருகிறவர்கூட "பாட்டு சார்" என்கிறார்.

அரியலூர்க்காரர் ஒருவர் தன் பையனுக்கும் பாடச் சொல்லிக் கூப்பிட்டார். மறுக்க முடியுமா? போனேன். அந்தப் பயல் என் பாட்டுக்கு மேலே ஏறி நின்று கத்தினான். நான் மேல் ஸ்தாயிக்குப் போனால் அவனும் போகிறான். அவன்மேல் தப்பில்லை, கேட்டுப் பழக்கமில்லாத காது.

எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி இல்லை. காலையில் நான் சாதகத்துக்கு உட்கார்ந்தால் மிக்சி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது. கோமதி சட்னி அரைக்க நான் எழுந்திருக்கும் வரை காத்திருப்பாள். வந்தி தவழும் வயதிலேயே, நான் கண்ணை மூடினால் விரலை உதட்டில் வைத்துக்கொள்வாள். ஒரு தடவை விழுந்து முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தபோதுகூட, நான் பாடி முடிக்கும்வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம்தான் உள்ளே வந்து அழுதாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த மரியாதைதான் இப்போது அவளைக் காப்பாற்றுகிறது. பாட்டு என்றால் அவளுக்கு உலகமே மறந்துவிடும்.


ஜூன் 23, ஞாயிறு

வந்திக்குத் தலைமுடி கொட்டிவிட்டது. கோமதியின் தம்பி மஞ்சள் தொப்பி ஒன்று வாங்கிவந்தான். போட்டுக்கொண்டு, "நான் மாம்பழமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவன் வெளியே போய் அழுதுவிட்டு வந்தான், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. குழந்தை எதிரில் அழுத முகத்தோடு வருவது என்ன பழக்கம்?

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாளாம், கோமதி சொன்னாள். ஊசிக்கு முந்தின நாள் தலையணை உறையைக் கடித்துக் கிழித்திருக்கிறாள். வயிற்றில் பூச்சி இருக்கும். டாக்டரிடம் கேட்க வேண்டும்.


ஜூலை 3, புதன்

ஊசி. பாட்டு. அமைதி.

முடிந்து பார்த்தால் கீழுதட்டில் ரத்தம். சிஸ்டர் பஞ்சு வைத்து ஒற்றினார். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்தால் இப்படி ஈறில், உதட்டிலெல்லாம் கசியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதுதான்.

வார்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பெனிட்டா. சொந்த ஊர் திண்டுக்கல். குழந்தைகளுக்கு ஊசி போடும்போதும் கட்டு மாற்றும்போதும் பாட்டு, கொட்டு, விளையாட்டு என்று எதையாவது செய்து பயத்தைக் குறைப்பதுதான் உத்தியோகமாம், அதற்கென்று படிப்பே இருக்கிறதாம். இன்று ஊசி அறையில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு நன்றாக இருந்தது சார் என்றாள். ஆனால் பாட்டு நடக்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. வந்தியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் வந்தியிடம் எப்படி இருந்தது என்று கேட்டாள். வந்தி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்றாள். கேட்கவே வேண்டியதில்லாத கேள்வி.


ஜூலை 5, வெள்ளி

பெனிட்டாவின் வகுப்பைப் பார்த்தேன். வகுப்பு என்று சொல்லக் கூடாது, சந்தை. ஆளுக்கொரு கிலுகிலுப்பை, ஒரு சின்னக் கொட்டு. தோல் தளர்ந்துபோன கொட்டு, சுருதி கிருதி எதுவும் கிடையாது. அவள் குரலும் சுமார்தான். வாய்க்கு வந்ததைப் பாடுகிறாள், பிள்ளைகள் வாய்க்கு வந்ததைத் திருப்பிக் கத்துகிறார்கள். வந்தி கட்டிலில் உட்கார்ந்து விரலை உதட்டில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் அவளைக் கூப்பிட்டு, கொட்டை வெயிலில் காட்டினாலாவது கொஞ்சம் ஏறும் அம்மா என்று நாசூக்காகச் சொன்னேன். சிரித்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. தன் வேலையைப் பற்றி விளக்கினாள். பயந்த குழந்தைக்கு எடுத்த எடுப்பில் தாலாட்டுப் பாடினால் ஏறாதாம். குழந்தையின் மூச்சு எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அந்த வேகத்தில் முதலில் நாமும் கொட்ட வேண்டுமாம், கத்தினால் கூடவே கத்த வேண்டுமாம், பிறகு கையைப் பிடித்துக் கூட்டிவருவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைக்க வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் குழந்தைக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சரிங்க சார் என்றாள்.


ஜூலை 17, புதன்

பெரம்பலூரில் கச்சேரி. ஒத்துக்கொண்டு ஆறு மாசமாகிறது, தட்ட முடியவில்லை. ஊசியை நாளைக்குத் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, முடியாது என்றுவிட்டார். பல்லவி பாடும்போது மணி பதினொன்று இருக்கும். அந்த நேரம்தான் ஊசி. அடி எடுக்கத் தெரியாதவன் மாதிரி இரண்டு இடத்தில் தடுமாறினேன். மிருதங்கக்காரர் காப்பாற்றினார்.


ஜூலை 18, வியாழன்

நேற்று வந்தி கத்தித் தீர்த்துவிட்டாளாம். எனக்குப் பதிலாகப் பெனிட்டா உள்ளே போயிருக்கிறாள், கொட்டோடு. அழுது, அலறி, கொட்டை டமடமவென்று அடித்து, ஊசி அறையே இரண்டுபட்டதாம். கோமதிக்கு வராந்தாவில் கேட்டிருக்கிறது. சொல்லும்போது கோமதியின் முகத்தில் வருத்தமே இல்லாததுதான் எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் இரண்டு தோசை சாப்பிட்டாளாம், கதை சொல்லச் சொல்லிக் கேட்டாளாம்.

நான் இல்லாததால்தானே அழுதிருக்கிறாள்? பெனிட்டாவைத் தேடிப் போய்க் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது. நான் பாடினால் மூச்சு விடாமல் படுத்திருக்கிற குழந்தையை, நீ போய் அழவிட்டிருக்கிறாய் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"வலிச்சா அழறது தப்பில்ல சார். மூச்சு விடாம படுத்திருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

இனி ஊசி அறைக்குள் நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோமதி பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாக இருந்தது.


ஜூலை 24, புதன்

நான் பாடினேன். அசையவில்லை. சொன்னேனே!

மதியம் வாந்தி. இரவு வரை யாரோடும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மருந்து இந்தத் தடவை கடுமை.


ஜூலை 28, ஞாயிறு

இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மதியம் ரசம் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கோமதி கடைக்குப் போயிருந்தாள். வந்தி நல்ல மனநிலையில் இருந்தாள், அப்பளத்தைத் தலையில் வைத்து மகுடம் என்றாள். சரி, இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பெனிட்டா அக்காவிடம் மட்டும் ஏன் அழுதாய், அப்பா பாடினால் சமத்தாகப் படுத்திருக்கிறாயே என்றேன். அப்பா பாட்டு கேட்டால் வலி தெரியாது என்று சொல்லுவாள், அதைக் கோமதியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"நீங்க பாடுறப்ப சத்தம் போடக் கூடாதுல்லப்பா."

பிறகு வாயைத் திறந்தாள், அடுத்த கவளத்துக்கு.


ஜூலை 29, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அவளுக்கு வலித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முழுசாக வலித்திருக்கிறது. நான் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு குறிஞ்சியை இழைத்துக்கொண்டிருந்தபோது, என் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு, பாட்டு எப்போது முடியும், எப்போது அழலாம் என்று காத்துக்கிடந்திருக்கிறாள். அறையைவிட்டு வெளியே வந்ததும் நான் முனகிக்கொண்டே வருவேன், மெட்டு வாயில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அங்கேயும் அழவில்லை. வார்டுக்கு வந்ததும் யாராவது என்னைப் பாராட்டுவார்கள், ஒரு வரி பாடிக் காட்டுவேன். அங்கேயும் இல்லை. அவள் அழுவதற்கு நான் இடமே வைக்கவில்லை.

நாலு பேர் பிடித்தும் அடங்காத குழந்தையை நான் ஒருத்தன் அடக்கினேன். அதற்குத்தான் பாராட்டு வாங்கினேன்.

கோமதியிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? நான் சொல்லவிட்டிருப்பேனா?

வெட்கமாக இருக்கிறது.


ஆகஸ்ட் 7, புதன்

காலையில் முதல் வேலையாகப் பெனிட்டாவைப் பார்த்தேன். மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்க வரவில்லை. இன்று நீயும் உள்ளே வா அம்மா என்றேன். புரிந்துகொண்டாள். என்மேலும் தப்பு இருக்கிறது சார், முதல் நாளே வந்தியின் கால்விரல்கள் இறுகி மடங்கியிருந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன், பெரிய வித்வானிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன் என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிப் பேசினாள் என்று நினைக்கிறேன்.

ஊசி அறையில் வந்தி தானாகவே ஒருக்களித்துச் சுருண்டுகொண்டாள். இவ்வளவு பழகியிருக்கிறாள். என்னைப் பார்த்தாள், நான் ஆரம்பிப்பதற்காக. அப்பா இன்றைக்குப் பாடப்போவதில்லை என்றேன்.

"கோவமாப்பா?"

இல்லை கண்ணு, நீ எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், அழலாம், அப்பா திட்டமாட்டேன் என்றேன். நம்பவில்லை. பெனிட்டா கொட்டை எடுத்து அவள் மூச்சுக்கு ஏற்றாற்போல் வேகமாகத் தட்டினாள். எனக்கும் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்தாள். ஆட்டினேன். பஞ்சில் மருந்து தொட்டு முதுகில் தடவியபோது வந்தி என் விரலைப் பிடித்தாள். அப்புறம் ஊசி.

"அப்பா, வேண்டாம்னு சொல்லுங்கப்பா. அப்பா."

இத்தனை நாளில் இந்த அறையில் அவள் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடவில்லை. பெனிட்டா "ஆ" என்று அவளோடு சேர்ந்து கத்தினாள், நானும் கத்தினேன். சாரீரம் போனால் போகட்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். டாக்டர் ஊசியை எடுத்துப் பிளாஸ்திரி ஒட்டும் நேரத்தில் கொட்டுச் சத்தம் மெல்ல இறங்கி நடை வேகத்துக்கு வந்திருந்தது, அவள் மூச்சும். தேம்பிக்கொண்டே என் சட்டையில் மூக்கைத் துடைத்தாள்.

சாயங்காலம் பக்கத்துக் கட்டில் குழந்தையோடு சண்டை போட்டாள், எங்கள் அப்பா உங்கள் அப்பாவைவிடச் சத்தமாகக் கத்துவார் என்று.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லை. தனி அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒருத்தர்தான் கூட இருக்கலாம். கோமதி இருக்கிறாள். நான் வெளியே பெஞ்சில்.


ஆகஸ்ட் 28, புதன்

டாக்டர் மீனலோசனி எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். முதல் மருந்துக்கும் சரியாகக் கட்டுப்படவில்லை, மாற்றிக் கொடுத்ததற்கும் கட்டுப்படவில்லை என்றார். சுற்றிவளைக்காமல் சொன்னதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

"இனிமே ஊசி போட்டா வலி மட்டும்தான் மிச்சம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி இல்லாம பாத்துக்க மருந்து தரேன்."

கோமதி தலையை ஆட்டினாள். மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா என்று கேட்டாள். எனக்குத்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. பெண்களுக்குத் தெம்பு அதிகம்.

கிளம்பும்போது பெனிட்டா அந்தக் கொட்டை வந்தியிடம் கொடுத்துவிட்டாள்.


செப்டம்பர் 5, வியாழன்

துறையூர். இப்போது எங்கள் வீட்டில் இல்லாத சத்தம் இல்லை. படுத்த இடத்திலிருந்தே கொட்டு, தட்டு, கரண்டி. டம்ளரில் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தட்டிப் பார்க்கிறாள். ஒன்றுகூடச் சுருதி சேரவில்லை என்று எனக்குத் தெரியும், வாயைத் திறப்பதில்லை. காலை சாதகத்தை நிறுத்திவிட்டேன். மிக்சி ஓடுகிறது.

ஊசி இல்லை என்று தெரிந்ததிலிருந்து முகமே மாறிவிட்டது. உடம்பு சரியாகிவிட்டதால்தான் ஊசி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் திருத்தவில்லை.


செப்டம்பர் 9, திங்கள்

இன்று அவளே கேட்டாள், அப்பா பாடுங்கள் என்று. எந்தப் பாட்டு என்றேன். என் பாட்டு என்றாள். அந்த மெட்டை எடுத்தால் ஊசி ஞாபகம் வந்துவிடாதா என்று பயந்தேன். மெதுவாக ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த உடனே பேச்சு. எதிர்வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, இன்னொன்றுக்கு வாலில் மட்டும் கறுப்பு, வாலில் கறுப்பு இருப்பதைத்தான் நாம் வளர்க்க வேண்டும், அதற்கு என் மஞ்சள் தொப்பி சரியாக இருக்குமா? நான் பாடிக்கொண்டே தலையை ஆட்டினேன். அதற்குப் பால் கொடுப்பது யார், அம்மாவா நீங்களா? பாடிக்கொண்டே என்னைத் தொட்டுக் காட்டினேன். சரணம் முடியும்வரை பேசினாள். பேசிக்கொண்டே தூங்கிப்போனாள்.

இவ்வளவு மோசமான ரசிகைக்கு நான் பாடியதே இல்லை. இதைவிட நன்றாகவும் பாடியதில்லை.


செப்டம்பர் 14, சனி

காலை ஐந்தேமுக்காலுக்கு. கோமதியின் மடியில்.


செப்டம்பர் 16, திங்கள்

குழந்தைக்கு மூன்றாம் நாள் பால் தெளித்தால் போதுமாம், பெரிய காரியம் கிடையாதாம். உறவுக்காரர்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிட்டார்கள்.

பூனைக்குப் பால் வைத்தேன்.


செப்டம்பர் 25, புதன்

மறுபடி சாதகம். விடியுமுன் உட்கார்ந்தால் எட்டு, ஒன்பது மணிவரை. சாயங்காலமும். பாடாத நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பாடிக்கொண்டிருக்கும்வரை நெஞ்சுக்குள் இருப்பது இருக்கிற இடத்தில் இருக்கிறது.

கோமதி தைரியசாலி. சாவு அன்றைக்கும் வாய்விட்டு அழவில்லை, இன்றுவரை அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு மறுபடி பழைய ஒழுங்குக்கு வந்துவிட்டது.


அக்டோபர் 2, புதன்

கோமதிக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். நெஞ்சை அடைக்கிறதாம். கேஸ் டிரபிளாக இருக்கும். சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.


அக்டோபர் 12, சனி

விஜயதசமி. இந்த வருஷம் பூஜை இல்லை, புதுப் பாடமும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஆனாலும் பழைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். விஜயதசமியன்று வாத்தியார் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்றார்கள். கூடத்தில் வந்தியின் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். கடைசியில் பெரியவன் தாமோதரன்தான், பாப்பாவுக்கு நீங்கள் போட்ட மெட்டைப் பாடுங்கள் சார், நாங்கள் கேட்டுவிட்டுப் போகிறோம் என்றான்.

சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு ஆரம்பித்தேன். கூடத்தில் சத்தம் அடங்கியது. சமையலறையில் பாத்திரச் சத்தம் அடங்கியது. கோமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

நான் பாடும்போது கண்ணை மூடிக்கொள்கிறவன். இன்று ஏனோ, போட்டோவைப் பார்த்துக்கொண்டே பாடினேன். அதிலிருந்து பார்வை கோமதியிடம் போனது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உடம்பு குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

கேஸ் டிரபிள் என்று நான்தான் சொன்னேன்.

விடியுமுன் உட்கார்ந்து எட்டு மணி வரை, சாயங்காலம் மறுபடி. இந்த வீட்டில் அவள் எப்போது அழுதிருக்க முடியும்? குழந்தைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன், இவளிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. கல்யாணமான மறுநாள் காலையிலிருந்து நான் பாடும்போது இந்தப் பெண் சத்தம் போட்டதில்லை.

சரணத்துக்கு நடுவில் நிறுத்தினேன். பாட்டைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் எனக்குக் கிடையாது. மறந்துவிட்டேன் என்று நினைத்துத் தாமோதரன் அடுத்த அடியை மெல்ல எடுத்துக் கொடுத்தான். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். எழுந்துபோய்க் கோமதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வாயிலிருந்து முந்தானையை எடுத்தேன், பல் பதிந்து ஈரமாக இருந்தது. நான் பாடவில்லை கோமதி என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்போதும் சத்தம் இல்லை. பார்வை கூடத்துப் பக்கம் போனது. அங்கே சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் அதை நிறுத்தினேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். வந்தி பேரைச் சொல்லி அழுத சத்தத்தில் எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்தார்கள்.